தாளில் ஓடும் குதிரைகள்

"டைனோ தாள் கையில இருக்கு அண்ணே, அப்புறம் என்ன பேச்சு?"

ஜொகூரின் தங்காக்கில் கார் மோகம் பிடித்த எந்தத் தம்பியிடம் ரீமேப் (என்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றி எழுதுவது) பற்றிப் பேச்சுக் கொடுத்தாலும் விவாதம் இந்த வரியோடு முடிந்துவிடும். மலாக்காவிலோ ஜொகூர் பாருவிலோ கோலாலம்பூரிலோ காரை டைனோ எனும் சக்தி அளக்கும் கருவியின் உருளைமேல் ஏற்றி, வாரால் இறுக்கிக் கட்டி, முழு மிதியில் ஓடவிட்டு எடுத்த வரைபடம்தான் அந்தத் தாள். ரீமேப்புக்கு முன் நீலக் கோடு, பின் சிவப்புக் கோடு. இரண்டுக்கும் நடுவில் தெரியும் இடைவெளிதான் அவர் கொடுத்த ஆயிரத்துச் சொச்சம் ரிங்கிட்டுக்கு ரசீது. "38 குதிரை ஏறியிருக்கு" என்று அவர் சொல்லும்போது, மருத்துவர் ரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்லும் உறுதி அந்தக் குரலில் இருக்கும்.

இந்த உறுதிக்கு அடிப்படை இல்லை என்பதே என் வாதம். ரீமேப்பால் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. டர்போ காரில் நல்ல ரீமேப் நன்றாகவே வேலை செய்யும். டைனோ ஓர் ஏமாற்றுக் கருவி என்றும் சொல்லவில்லை. தாளின் உச்சியில் தடித்த எழுத்தில் அச்சாகும் அந்த ஒற்றை எண்ணை என்ஜினின் சக்தி என்று எடுத்துக்கொள்வதைத்தான் மறுக்கிறேன். அந்த எண்ணில் காரின் பங்கும் இருக்கிறது, பட்டறைக்காரர் கணினியில் தட்டிய தேர்வுகளின் பங்கும் இருக்கிறது. எது எவ்வளவு என்று தாளை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது.

"மெஷின் பொய் சொல்லாது" என்பதுதான் இந்த நம்பிக்கையின் தூண். முதலில் அதைத் தட்டிப் பார்ப்போம். பல பட்டறைகளில் இருப்பது கனத்த இரும்பு உருளை கொண்ட டைனோ. காரின் சக்கரம் உருளையைச் சுழற்றுகிறது. உருளை எவ்வளவு நேரத்தில் எவ்வளவு வேகம் பிடித்தது என்பதைக் கருவி குறித்துக்கொள்கிறது. அது நேரடியாக அளப்பது அவ்வளவுதான். உருளையின் சுழல் நிலைமம் முன்பே தெரியும் என்பதால், அதை முடுக்கத் தேவைப்பட்ட சக்தியைக் கணினி கணக்கிட்டுச் சொல்கிறது. இன்னொரு வகை டைனோ மின்காந்தத் தடையால் உருளையைப் பிடித்து நிறுத்தி, அந்த இழுவிசையை அளக்கும். நியூசிலாந்தின் டைனாபேக் போன்றவற்றில் உருளையே கிடையாது. சக்கரங்களைக் கழற்றிவிட்டுக் கருவியை அச்சிலேயே நேராக மாட்டுவார்கள். டயரில் வீணாகும் சக்தி அதில் கணக்குக்கே வராது என்பதால், உருளை டைனோவைவிட அதில் எண் சற்றுக் கூடுதலாக வருவது இயல்பு. ஒரே கார், ஒரே நாள், மூன்று கருவி என்றால் மூன்று எண்கள் வரும். மூன்றும் அவையவை அளந்த விதத்தில் உண்மைதான். ஆனாலும் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது.

இது ஆளுக்கு ஆள் மாறும் முழக் கணக்கு. தங்காக் துணிக்குப் பேர்போன ஊர். கல்யாணப் பட்டு, பள்ளிச் சீருடை, திரைச்சீலை என்று ஜொகூர் முழுவதிலிருந்தும் மலாக்காவிலிருந்தும் இங்கே துணி எடுக்க வருகிறார்கள். நம் கடைத்தெருவில் துணி அளக்கும் மீட்டர் கோலுக்குக்கூட 1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டம் இருக்கிறது. டைனோவுக்கு அப்படி அரசு முத்திரை குத்தி நான் பார்த்ததில்லை. சாலை வரி பெட்ரோல் காருக்கு சிசி கணக்கில்தான் வசூலாகிறது, எச்பி எனும் குதிரைசக்திக் கணக்கில் இல்லை. வாகனப் பரிசோதனை நிறுவனமான புஸ்பாகோம் பிரேக்கையும் புகையையும் சோதிக்கும், சக்தியை அளக்காது. ஆகப் பட்டறை தரும் எண்ணைச் சரிபார்க்க இந்நாட்டில் அரசு தரப்பு எதிர்ச்சான்று என்று எதுவும் இல்லை. அந்த எண்ணைத் தருவதும் பட்டறை, அதை வைத்துக் காசு வாங்குவதும் அதே பட்டறை.

இப்போது ஒரு தாளை விரித்து அடியில் உள்ள பொடி எழுத்தைப் படிப்போம். யாரும் படிக்காத இடம் அதுதான்.

அங்கே 'எஸ்ஏஇ' அல்லது 'எஸ்டிடி' என்று திருத்தக் காரணியின் பெயர் இருக்கும். காற்று சூடானால் அடர்த்தி குறையும், என்ஜினும் சற்றுச் சோரும். வெவ்வேறு நாள்களில் எடுத்த எண்களை ஒப்பிட வேண்டும் என்பதற்காக, எல்லாவற்றையும் ஒரு பொது வானிலைக்கு மாற்றுவது வழக்கம். அதில் தவறில்லை. ஆனால் எந்தப் பொது வானிலை என்பதுதான் கேள்வி. எஸ்ஏஇ ஜே1349 தரமும் ஐஎஸ்ஓ 1585 தரமும் 25 டிகிரி செல்சியசையும் 99 கிலோபாஸ்கல் உலர்காற்று அழுத்தத்தையும் அடிப்படையாக வைக்கின்றன. எஸ்டிடி எனப்படும் பழைய அமெரிக்க முறை சுமார் 15.5 டிகிரி குளிரையும் கூடுதல் அழுத்தத்தையும் வைக்கிறது. பக்கத்து லேடாங் மலையின் உச்சியில் விடியற்காலையில் நின்றால் வேண்டுமானால் அந்தக் குளிர் கிடைக்கலாம். ஒரே ஓட்டத்தை எஸ்ஏஇயிலிருந்து எஸ்டிடிக்கு மாற்றினால் எண் ஏறத்தாழ 4 விழுக்காடு கூடும். காரை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். திரையில் ஒரு பட்டியைச் சொடுக்கியதுதான் நடந்த வேலை.

அடுத்தது வெப்பமானி. திருத்தக் கணக்குக்குக் காற்றின் வெப்பம் தெரிய வேண்டும். அதை அளக்கும் சென்சார் பட்டறையின் சுவரில் தொங்கினால் 33 டிகிரி காட்டும். ரேடியேட்டரிலிருந்து வரும் அனலில் தொங்கினால் 50 டிகிரி காட்டும். ஐஎஸ்ஓ 1585 கணக்கின்படி 33 டிகிரிக்கு வெப்பத் திருத்தம் 1.6 விழுக்காடு, 50 டிகிரிக்கு கிட்டத்தட்ட 5 விழுக்காடு. 150 எச்பி முதல் கணக்கில் 152 ஆகும், இரண்டாவதில் 157 ஆகும். சென்சாரின் வயரை ஒரு முழம் நகர்த்தியதற்குக் கிடைத்த சன்மானம் 5 எச்பி. யாரும் வேண்டுமென்றே செய்ய வேண்டியதில்லை, கவனக்குறைவே போதும்.

டர்போ கார் என்றால் இந்தத் திருத்தமே கேள்விக்குரியது. டர்போ என்ஜினில் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை இசியு எனும் என்ஜின் கணினி தீர்மானிக்கிறது. வெளிக்காற்று சற்று மெலிந்தால் டர்போவைக் கூடுதலாகச் சுழற்றி இலக்கு அழுத்தத்தைப் பிடித்துவிடும். கார் தானே ஈடுகட்டிக்கொண்ட இழப்பைக் கணினி மறுபடியும் ஈடுகட்டினால், இல்லாத சக்திதான் தாளில் ஏறும். நம் பக்கம் ரீமேப்புக்கு வரிசையில் நிற்பவை பெரும்பாலும் டர்போ கார்கள் என்பதையும் இங்கே நினைவில் வையுங்கள்.

அலகிலும் விளையாட்டு உண்டு. 2020இல் வந்த புரோட்டான் எக்ஸ்50 நேரடி ஊசி டர்போவின் அறிவிக்கப்பட்ட சக்தி 130 கிலோவாட். அதையே எச்பியில் சொன்னால் 174, பிஎஸ் எனும் மெட்ரிக் குதிரைசக்தியில் சொன்னால் 177. ரீமேப்புக்கு முன்னுள்ள எண்ணை எச்பியிலும் பின்னுள்ளதை பிஎஸ்சிலும் படித்துவிட்டு மகிழ்ந்தவர்கள் உண்டு.

ஆனால் பெரிய மாயம் நடப்பது 'ஃபிளைவீல் எச்பி' என்ற வரியில். டைனோ அளப்பது சக்கரத்துக்கு வந்து சேரும் சக்தியை. கம்பெனி அறிவிப்பது என்ஜினில் பிறக்கும் சக்தியை. நடுவில் கியர்பெட்டியும் டயரும் தின்பது எவ்வளவு? பலரும் கண்ணை மூடிக்கொண்டு 15 விழுக்காடு என்கிறார்கள். இதைப் போட்டுப் பாருங்கள். ரீமேப்புக்கு முன் சக்கரத்தில் 150, பின் 180. உண்மையில் ஏறியது 30. இரண்டையும் 0.85ஆல் வகுத்தால் 176 என்றும் 212 என்றும் வரும், ஏற்றம் 35ஐத் தாண்டிவிடும். அந்த ஐந்துக்கும் மேற்பட்ட குதிரைகளை ஈன்றது கால்குலேட்டர். கியர்பெட்டி இழப்பில் ஒரு பகுதி சுமையோடு கூடும் என்பது உண்மைதான். ஆனால் எண்ணெயைக் கலக்குவதும் டயர் உருள்வதும் தின்னும் பகுதி, என்ஜினில் சக்தி ஏறிவிட்டது என்பதற்காக அதே விகிதத்தில் கூடாது.

சில டைனோக்கள் ஓட்டம் முடிந்ததும் காரை நியூட்ரலில் உருளவிட்டு இழப்பை அளக்கின்றன. கண்மூடி 15 போடுவதைவிட இது மேல். ஆனால் வாரை எவ்வளவு இறுக்கினார்கள், டயரில் காற்று எவ்வளவு என்பதைப் பொறுத்து அந்த இழப்பும் ஏறி இறங்கும். டயர் உருளையில் அமுங்கினால் இழப்பு கூடும். அந்த இழப்பைத் திருப்பிக் கூட்டுகிறோம் என்ற பெயரில் ஃபிளைவீல் எண் எங்கேயோ போய் நிற்கும்.

"இதெல்லாம் சரி அண்ணே, முன்னும் பின்னும் ஒரே மெஷின், ஒரே பட்டறை, ஒரே நாள். தப்பு இருந்தாலும் ரெண்டுலயும் ஒரே தப்புதானே, வித்தியாசம் உண்மைதானே?" என்று விவரம் தெரிந்த தம்பி கேட்பார். எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இதுதான். பாதி சரியும்கூட. நன்றாகப் பராமரித்த டைனோ அடுத்தடுத்த ஓட்டங்களில் ஒன்றிரண்டு விழுக்காட்டுக்குள் ஒத்துப்போகும். ஆகவே 20 விழுக்காடு வித்தியாசம் தெரிந்தால் ஏதோ நடந்திருக்கிறது என்று நம்பலாம்.

மீதிப் பாதி இது: இரண்டு ஓட்டங்களும் உண்மையிலேயே ஒரே மாதிரி நடந்தனவா என்று தாள் சொல்லாது. மூவாரிலிருந்து வெயிலில் ஓட்டி வந்த கார் இறங்கிய கையோடு உருளையேறுகிறது. டாங்கில் ரோன் 95 பெட்ரோல். இன்டர்கூலர் கொதிக்கிறது. இசியு நாக் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிப்பது) வராமல் இருக்க இக்னிஷனைப் பின்னுக்கு இழுக்கிறது. இது 'முன்' ஓட்டம். பிறகு லேப்டாப்பை மாட்டி ரீமேப் எழுதுகிறார்கள். பானெட் திறந்திருக்கிறது, பெரிய மின்விசிறி சுழல்கிறது. கார் ஆறிவிட்டது. "இனிமேல் 97 ஊத்துங்க" என்ற ஆலோசனையும் நிறைவேறிவிட்டது. இது 'பின்' ஓட்டம். இரண்டுக்கும் உள்ள இடைவெளியில் ரீமேப்பின் பங்கு எவ்வளவு, ஆறிய என்ஜினின் பங்கு எவ்வளவு, ரோன் 97இன் பங்கு எவ்வளவு? சிவப்புக் கோட்டில் எல்லாம் சேர்ந்துதான் இருக்கிறது.

கியரும் அப்படித்தான். உருளை டைனோவில் சின்னக் கியரில் ஓட்டினால் என்ஜினும் சக்கரங்களும் விறுவிறுவென்று வேகமெடுக்கும். தம்மையே முடுக்கிக்கொள்ள அவை தின்னும் சக்தி உருளைக்குப் போய்ச் சேராது, எண் குறையும். முன் ஓட்டம் மூன்றாவது கியரில், பின் ஓட்டம் நான்காவதில் என்றால் ரீமேப்பே எழுதாமல்கூட 'ஏற்றம்' காட்டலாம். டார்க் எனும் முறுக்குவிசைக் கணக்கு இன்னும் பலவீனமானது. சக்தியை உருளையிலிருந்தே கணக்கிடலாம், டார்க்குக்கு என்ஜினின் ஆர்பிஎம் சரியாகத் தெரிய வேண்டும். ஆர்பிஎம் கணிப்பு 5 விழுக்காடு தவறினால் டார்க்கும் 5 விழுக்காடு தவறும். சிவிடி கார்களில் ஓட்டத்தின் நடுவிலேயே கியர் விகிதம் நழுவிக்கொண்டிருக்கும். அங்கே டார்க் கோட்டைப் பார்த்துப் பெருமைப்படுவதில் அர்த்தமில்லை.

உருளைமேல் நிற்பது காருக்கும் தெரியும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. முன்சக்கரம் நூறில் ஓட, பின்சக்கரம் அசையாமல் நிற்கிறது. சறுக்குகிறது என்று நினைத்து இசியு சக்தியை வெட்டக்கூடும். சாலையில் நடக்காத ஒன்று டைனோவில் நடக்கிறது. இதன் மறுபக்கத்தை உலகமே பார்த்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2015 செப்டம்பர் 18 அன்று ஃபோக்ஸ்வேகன்மீது வைத்த குற்றச்சாட்டின் சாரம், அந்த டீசல் கார்களின் மென்பொருள் சோதனை உருளையில் நிற்பதை அடையாளம் கண்டு நடத்தையை மாற்றிக்கொண்டது என்பதுதான். அதற்கு முன்பே மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தினர் கருவியைக் காரிலேயே ஏற்றிச் சாலையில் ஓட்டி அளந்ததில்தான் முரண்பாடு வெளிப்பட்டது. அங்கே அளந்தது புகையை, இங்கே அளப்பது சக்தியை. ஆனாலும் உருளையில் கண்டது சாலையிலும் நடக்கும் என்று யாரும் எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

"கம்பெனிக்காரன் சொல்ற எண்ணே பொய், டைனோதானே அதை வெளிச்சம் போட்டுக் காட்டுது" என்பது அடுத்த வாதம். இதில் உண்மை இருக்கிறது. ஃபோர்டு 1999 மஸ்டாங் கோப்ராவுக்கு 320 எச்பி என்று அறிவித்தது. வாங்கியவர்கள் டைனோவில் ஏற்றியபோது எண் இடித்தது. கடைசியில் கம்பெனி விற்பனையை நிறுத்தி, கார்களைத் திரும்ப அழைத்துக் கோளாறைச் சரிசெய்தது. மாஸ்டா 2001இல் எம்எக்ஸ்-5க்கு அமெரிக்காவில் 155 என்று சொல்லிவிட்டு 142 என்று திருத்தி, விருப்பப்பட்டவர்களிடம் காரைத் திரும்ப வாங்கிக்கொள்ள முன்வந்தது. எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. ஜப்பான் கம்பெனிகள் பல ஆண்டுகள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு 280 பிஎஸ்சுக்கு மேல் அறிவிக்கவே இல்லை. ஸ்கைலைன் ஜிடி-ஆர் அதற்கு மேல் என்பது ஊரறிந்த ரகசியம்.

ஆனால் கோப்ரா விஷயத்தில் டைனோ எப்படி ஜெயித்தது என்று பாருங்கள். ஒரு பட்டறையின் ஒரு தாள் அதைச் சாதிக்கவில்லை. சம்பந்தமில்லாத பலர், பல இடங்களில், பல கார்களை ஏற்றி, ஒரே திசையில் குறைவைக் கண்டார்கள். அவர்களில் யாரும் அந்த எண்ணை வைத்து எதையும் விற்கவில்லை. தங்காக் தம்பியின் தாள் இதற்கு நேர் எதிர். ஒரே கார், ஒரே கருவி, அளப்பவரே விற்பவர்.

"ஓட்டிப் பார்த்தாலே தெரியுது" என்பது கடைசிப் புகலிடம். ரீமேப் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மிதியின் கணக்கையும் மாற்றுகிறார்கள். முன்பு பாதி மிதித்தால் கிடைத்தது இப்போது கால்வாசி மிதித்தாலே கிடைக்கும். சிகாமட் சாலையில் சாகில் பக்கம் லாரியைத் தாண்டும்போது கார் துள்ளுவதாகத் தோன்றும். முழு மிதியில் உள்ள சக்தி அதனால் ஓர் இம்மியும் கூடாது.

அப்படியானால் எதைத்தான் நம்புவது? இயற்பியலை நம்பலாம். காற்று கூடாமல் சக்தி கூடாது. பெட்ரோல் என்ஜினில் விநாடிக்கு ஒரு கிராம் காற்றுக்குச் சுமார் 1.25 எச்பி என்பது ரீமேப் தொழிலில் உள்ளவர்கள் அறிந்த தோராயக் கணக்கு. 174 எச்பிக்கு விநாடிக்கு 140 கிராம் போதும். 220 எச்பி என்றால் 176 கிராம் காற்று உள்ளே போயாக வேண்டும். காரின் கோளாறு கண்டறியும் ஓபிடி சாக்கெட்டில் மலிவான கருவியை மாட்டினாலே பல கார்களில் காற்றின் அளவையும் பூஸ்டையும் இக்னிஷன் பின்வாங்குகிறதா என்பதையும் பதிவுசெய்யலாம். தாள் 220 என்று சொல்லி, பதிவில் காற்று 150இல் நின்றால் தாளை மடித்து வைத்துவிடலாம். இதே காரணத்தால்தான் டர்போ இல்லாத 1.5 லிட்டர் மைவி காருக்கு, வெறும் ரீமேப்பில் 20 எச்பி ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். அந்த என்ஜின் இழுக்கும் காற்று மென்பொருளால் பெரிதாகக் கூடிவிடாது. அங்கே கிடைப்பது பெரும்பாலும் ஒற்றை இலக்கம்தான்.

டைனோவைத் தூக்கி எறியச் சொல்லும் அவநம்பிக்கைக் கூட்டத்தோடும் எனக்கு உடன்பாடில்லை. தடை போட்டு நிறுத்தும் டைனோவில் என்ஜினை 3,000 ஆர்பிஎம்மில் பிடித்துவைத்து, இக்னிஷனை ஒவ்வொரு டிகிரியாக நகர்த்தி, எங்கே டார்க் உச்சம், எங்கே நாக் தொடங்குகிறது என்று பார்க்க முடியும். சாலையில் இதைப் பாதுகாப்பாகச் செய்ய முடியாது. நல்ல டியூனருக்கு டைனோ இல்லாமல் ஆகாது. ஆனால் அது அவர் வேலை செய்வதற்கான கருவி. வாடிக்கையாளருக்கு விற்கும் பொருளாக அதன் எண்ணை மாற்றியதில்தான் கோளாறு தொடங்கியது. எண் விற்பனையாகிறது என்று தெரிந்ததும், எண்ணைப் பெரிதாக்கும் வேலைக்கே மவுசு கூடிவிட்டது. என்ஜினைப் பத்திரமாக வைக்கும் வேலை பின்னுக்குப் போய்விட்டது. உச்சியில் 5 எச்பிக்காக நாக் விளிம்பில் நிறுத்திய ரீமேப், பட்டறையில் ஓர் ஓட்டம் தாங்கும். பிள்ளைகளையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு, ஏர்கான் முழுவேகத்தில் ஓட, மதிய வெயிலில் நெடுஞ்சாலையில் போகும்போது பிஸ்டன்தான் அதற்கு விலை கொடுக்கும்.

அதனால் அடுத்த முறை காரை உருளையேற்றும்போது உச்ச எண்ணைக் கேட்காதீர்கள். திருத்தம் போடாத சக்கர எச்பியைக் கேளுங்கள். முன்னும் பின்னும் ஒரே எரிபொருள், ஒரே கியர், ஒரே டயர் காற்று என்று எழுதி வாங்குங்கள். ஒரே ஓட்டத்தோடு விடாமல் இடைவெளியின்றி மூன்று ஓட்டங்கள் கேட்டு, சூடேறிய மூன்றாவதை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் காரின் நிஜ வாழ்க்கைக்கு அதுதான் பக்கத்தில் இருக்கும். வரைபடத்தில் உச்சியைப் பார்க்காமல் நீங்கள் அன்றாடம் ஓட்டும் 2,000 முதல் 4,000 ஆர்பிஎம் வரை கோடு எவ்வளவு உயர்ந்தது என்று பாருங்கள். செங்குத்து அச்சு சுழியத்தில் தொடங்குகிறதா, 80இல் தொடங்குகிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். 80இல் தொடங்கினால் சின்ன மேடும் மலையாகத் தெரியும்.

'இத்தனை எச்பி ஏறும்' என்று வாயால் உறுதி தருகிறவரிடம் அதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொய்யான, திசைதிருப்பும் உறுதிமொழிகளைத் தடைசெய்கிறது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி 50,000 ரிங்கிட் வரை உரிமை கோரலாம், வழக்கறிஞர் வேண்டியதில்லை. எழுதித் தருகிற, மூன்று ஓட்டம் ஓட்டிக் காட்டுகிற, பொடி எழுத்தை விளக்குகிற பட்டறையில் தாராளமாகக் காரை விடுங்கள். இவற்றுக்கெல்லாம் முகம் சுளிக்கிற பட்டறை தரும் தாள், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய விளம்பரம்.